நாற்றங்கால் இல்லாத நடவு

2025ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களில் மும்பையில் புரோ கபடி லீக்கின் பன்னிரண்டாம் பருவத்துக்கான வீரர் ஏலம் நடைபெற்றது. அதே நாள்களில் தஞ்சைத் தரணி மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் தேடிக்கொண்டிருந்தது. ஜூன் 12 அன்று அணை திறந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். ஒன்று பயிர் வைப்பவர்களின் கவலை. மற்றது விளைந்ததை விலைக்கு வாங்குபவர்களின் கொண்டாட்டம். தமிழ் தலைவாஸ் என்னும் அணி, தமிழைத் தன் பெயரில் சுமந்துகொண்டு, எட்டுப் பருவங்களாக இந்த இரண்டாவது வேலையை மட்டுமே செய்துவருகிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

இலக்கிய வாசகர்களிடம் கபடி பேசுவதற்காக நாம் மன்னிப்புக் கோரப்போவதில்லை. 'வெண்ணிலா கபடி குழு' (2009) பார்த்துக் கண்கலங்கியவர்கள் நாம்தாம். மணத்தி கணேசனின் வாழ்வை அடியொற்றிய 'பைசன் காளமாடன்' (2025) வெளிவந்தபோது சாதி, களம், உடல் என்று பக்கம் பக்கமாக விவாதித்தவர்களும் நாம்தாம். திரையில் கபடி வந்தால் அது கலை. களத்தில் வந்தால் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நேர்மையன்று.

நம்மை எழுதத் தூண்டியது ஓர் உரையாடல். தஞ்சையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். நண்பர்கள் இரு கட்சியானார்கள். ஒருவர், "அர்ஜுன் தேஷ்வாலையும் பவன் ஷெராவத்தையும் ஒரே அணியில் சேர்த்தார்களே, அதைவிட என்ன செய்ய முடியும்? விளையாடாதது வீரர்களின் குற்றம்" என்றார். மற்றவர் கவிஞர், கோபக்காரர். "பெயர் தமிழ் தலைவாஸ், உள்ளே இருப்பதெல்லாம் ஹரியாணா. பன்னிரண்டு பேரும் தமிழராக இருந்தாலொழிய அந்த அணிக்கு நாம் ஏன் கைதட்ட வேண்டும்?" என்றார். இருவரும் நமக்கு வேண்டியவர்கள். இருவரும் தவறு என்று நாம் கருதுகிறோம். அதை முறையாகச் சொல்லிவிடுவது நட்புக்கு நல்லது.

முதலில் வரவு செலவைப் பார்த்துவிடுவோம். 2017இல், லீக்கின் ஐந்தாம் பருவத்தில், இந்த அணி களம் இறங்கியது. உரிமையாளர்களுள் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். பெயருக்கும் புகழுக்கும் குறைவில்லை. முடிவு, தன் பிரிவில் கடைசி இடம். 2018இல் மீண்டும் பிரிவில் கடைசி. 2019இல் உரிமையாளர்கள் கையை வீசிச் செலவழித்தார்கள். ராகுல் சவுத்ரிக்கு 94 லட்சம் கொடுத்தார்கள். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் ஆகியோரும் அதே அணியில் இருந்தார்கள். 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியினர் நால்வர் ஒரே சட்டையில்! இதைவிடப் பெரிய சேர்க்கையை எவரும் கனவு காண முடியாது. முடிவு, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். பயிற்சியாளர் எடச்சேரி பாஸ்கரன் பருவத்தின் நடுவிலேயே விலகினார்.

2022இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். அதுவரை அந்த லீக் காணாத விலை. முதல் ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே, குஜராத் அணிக்காக ஆடிய தமிழ்நாட்டு வீரர் சந்திரன் ரஞ்சித்தை மடக்கப் பாய்ந்தபோது, பவனின் முழங்கால் போயிற்று. பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. அணி சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போயிற்று!

இந்த ஒரு நிகழ்ச்சியின் மேல் நம் நண்பர்கள் இருவரும் சற்று நின்று யோசிக்க வேண்டும். விலையுயர்ந்த வீரர் வெளியேறிய ஆண்டில்தான் அணி வென்றது. வென்று தந்தவர் யார்? நரேந்தர் என்னும் புதுமுக ரைடர்; 240 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். மூலைகளில் சாகரும் சாஹில் குலியாவும் நின்றார்கள். சாகர் அதற்கு முந்தைய பருவத்திலேயே அணியில் இருந்தவர். தமிழ்நாட்டைச் சேர்ந்த எம். அபிஷேக் கவர் நிலையில் அவர்களோடு கைகோத்தார். பருவம் நடக்கும்போது பொறுப்பேற்ற அஷன் குமார் பயிற்சியாளர். இவர்களில் எவரும் ஏலத்தின் தலைப்புச் செய்தியாக வந்தவரல்லர். நரேந்தரும் சாகரும் வடநாட்டவர், அபிஷேக் தமிழர். விலைக் கட்சிக்கும் இனக் கட்சிக்கும் ஒரே ஆண்டில் களமே மறுமொழி சொல்லிவிட்டது. கேட்கத்தான் காதில்லை.

2023இல் பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கிற்று. தலைவாஸ் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். மீண்டும் ஒன்பதாம் இடம். 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம். பவன் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்பி வந்தார். பயிற்சியாளராக சஞ்சீவ் பாலியன் வந்தார். 2022இல் ஜெய்ப்பூருக்குக் கோப்பை பெற்றுத் தந்த அதே பாலியன், அதே தேஷ்வால். அடுத்த வீட்டில் மணத்த குழம்பைச் சட்டியோடு வாங்கிவந்து நம் அடுப்பில் வைத்தால் நம் சமையலாகிவிடும் என்று எண்ணினார்கள். பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே பவனை ஒழுங்குக் காரணம் சொல்லி அணி வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. முதல் எட்டு இடங்களுக்குள் தலைவாஸ் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எட்டுப் பருவங்களில் தலைமைப் பயிற்சியாளர்களாக ஐவர் வந்தார்கள். அவர்களில் ஜெ. உதயகுமாரை அழைத்து, அனுப்பி, மீண்டும் அழைத்து, மீண்டும் அனுப்பினார்கள். ஒரு பாடத்தை ஒரே பருவத்தில் மூவர் நடத்தினால் மாணவன் என்ன ஆவான் என்பதைக் கல்லூரியில் நாம் அறிவோம். எட்டுப் பருவங்களில் ஐவர் வந்துபோனால் அணி என்ன ஆகும் என்பதற்கு மேற்படிக் கணக்கே சான்று.

விலை கொடுத்து வெற்றியை ஏன் வாங்க முடிவதில்லை? விடை கபடியின் இலக்கணத்தில் இருக்கிறது. பாடிச் செல்பவர் தனியாள். முப்பது விநாடி, அவர் மூச்சு, அவர் கால், அவர் கண். அவரை விலைக்கு வாங்கலாம். பிடிப்பவர்கள் எழுவர். கார்னர் கணுக்காலைப் பற்றும் அதே கணத்தில் கவர் இடுப்பை மறிக்க வேண்டும். அரை நொடி முந்தினால் ரைடர் தப்புவார். பிந்தினால் பற்றியவரும் போவார். இடக்கை ஆள் எப்போது பாய்வான் என்பதை வலக்கை ஆள் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும். கைகோத்து நிற்பது வெறும் காட்சிக்கன்று. விரலின் அழுத்தத்திலேயே செய்தி போகிறது. இந்த அறிதல் சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கி, சேர்ந்து தோற்று வருவது. அதை எந்த ஏலத்திலும் கூவி விற்பதில்லை. ஆண்டுதோறும் எழுவரையும் கலைத்துப் புதிதாக அடுக்கும் அணி, ஆண்டுதோறும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் அணி.

ஹரியாணா ஸ்டீலர்ஸ் 2022இல் மன்பிரீத் சிங்கைப் பயிற்சியாளராக்கியது. அவரை மாற்றவில்லை. ஜெய்தீப் தஹியா போன்ற பிடி வீரர்களையும் விட்டுவிடவில்லை. பத்தாம் பருவத்தில் இரண்டாமிடம், பதினோராம் பருவத்தில் கோப்பை. புனேரி பல்டன் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 'யுவ பல்டன்' என்று ஓர் இளையோர் படையை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். பி.சி. ரமேஷின் பயிற்சியில் பத்தாம் பருவக் கோப்பையை வென்றார்கள். அந்த அணியில் மகாராட்டிரத்து அஸ்லம் இனாம்தாரும் இருந்தார், ஹரியாணாவின் மோஹித் கோயத்தும் இருந்தார், தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜனும் இருந்தார். எந்த மண்ணின் விதையானால் என்ன, ஒரே நாற்றங்காலில் முளைத்தவர்கள். நம் பிள்ளையைப் புனே வளர்த்துப் பட்டம் சூட்டிற்று. நாம் புனேயில் பழுத்ததைத் தேடி ஏலத்தில் கைதூக்கிக்கொண்டிருந்தோம்.

இனி கவிஞர் நண்பருக்கு. அவர் எடுத்துக்காட்டியது ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கால்பந்து அணியை. பாஸ்க் மண்ணின் வீரர்களை மட்டுமே கொண்டு ஆடும் அணி அது; முதல்நிலை லீக்கிலிருந்து ஒருமுறைகூடக் கீழிறங்காத மூன்றே அணிகளுள் ஒன்று. "அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியாது?" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் அவர் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். பில்பாவோவின் மரபு அந்த மண்ணில் பிறந்தவர்களை மட்டும் ஏற்பதன்று. அங்குள்ள கழகங்களில் பயின்று வளர்ந்தவர்களையும் ஏற்பது. இன்று அவ்வணியின் முகங்களாக விளங்கும் இன்யாக்கி, நிக்கோ வில்லியம்ஸ் சகோதரர்களின் பெற்றோர் கானா நாட்டவர். அம்மரபு வெறும் வீம்பாகப் போகாமல் காப்பது லெசாமா என்னும் பயிற்சிக் களம். 1971 முதல் இயங்குவது. லெசாமா இல்லாமல் பில்பாவோவின் கொள்கையை மட்டும் இரவல் வாங்கினால், பன்னிரண்டு தமிழரை வரிசையில் நிறுத்திப் பன்னிரண்டாம் இடத்தைப் பெறலாம். அதற்கும் கைதட்டுவாரா கவிஞர்?

வடநாட்டு வீரர்கள்மீது சினம் கொள்வதில் பொருளில்லை. ஹரியாணா அரசு கிராமங்களில் நடத்தும் விளையாட்டுப் பயிற்சி மையங்களுக்கு 'நர்சரி' என்றே பெயர் வைத்திருக்கிறது. நாற்றங்கால்! உலகுக்கே நடவு கற்றுத்தந்ததாகப் பெருமை பேசும் காவிரிக் கரையிலிருந்து நாம் அந்தச் சொல்லை எட்டிப் பார்க்கிறோம். 'கைப்பிடி'தான் கபடியாயிற்று, ஆகவே இது நம் ஆட்டம் என்று சொல்லாராய்ச்சி செய்வதில் நம் புலவர்களுக்குச் சலிப்பே இல்லை. இருக்கட்டும். வேர்ச்சொல்லை நாம் வைத்துக்கொண்டோம். வேரை அவர்கள் நீர் ஊற்றி வளர்த்தார்கள்.

நம்மிடம் விதை இல்லையா? தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தால் டெல்டாவின் ஊர்தோறும் சுவரொட்டி எழும்: 'மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி.' அறுத்த வயலின் தாள் மிதித்துச் சமன் செய்த தரை. மூங்கிலில் கட்டிய விளக்கு. ஒலிபெருக்கியில் விடியும்வரை வருணனை. பரிசாகச் சுழற்கோப்பையும் ரொக்கமும், சில ஊர்களில் கிடாயும். திருவாரூர் மாவட்டத்து வடுவூரிலிருந்து போன அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய அணியோடு தங்கம் வென்றார். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பெண்கள் அணியோடு தங்கம் வென்றார். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் வழங்கியது. விதை இருக்கிறது. ஆண்டுதோறும் காற்றில் பறக்கிறது. பிடித்து வைக்க ஆளில்லை.

இதற்குச் சான்றாக ஒரே ஒரு வாழ்க்கை போதும். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்தவர் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர். லீக் முழுவதும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தது. ஹரியாணா இளைஞர்களும் அண்ணா என்றுதான் அழைத்தார்கள். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அவர் தலைமையில் கோப்பை வென்றது. அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 2017இல் தமிழ்நாட்டுக்கென்று அணி வந்தது. அண்ணா புனேக்கு ஆடினார். 2018இல் மும்பைக்கு. 2019இல், நாற்பத்து நான்கு வயதில், ஹரியாணாவுக்குத் தலைவராக. பிறகு ஜெய்ப்பூருக்கு. தமிழ் தலைவாஸ் சட்டையை அவர் ஆட்டக்காரராக ஒருநாளும் அணியவில்லை. ஆடி ஓய்ந்தபின் 2024இல் உத்திப் பயிற்சியாளராக அழைத்தார்கள். ஒரே பருவம், அடுத்த ஆண்டு அந்த இருக்கையில் வேறொருவர். காவிரிக்கரையின் ஆகச் சிறந்த கபடி அறிவு, காவிரியின் பெயரைச் சொல்லி விற்கும் அணியில் தங்கிய காலம் ஒரு சம்பாப் போகம்.

கே. பிரபஞ்சனின் கதையும் இதே வகைதான். 2017இல் இந்த அணியில் முளைத்த தமிழ்நாட்டு ரைடர். மறு ஆண்டு குஜராத்துக்குப் போனார், பிறகு ஹரியாணாவுக்கு. 2021இல் அவரையே 71 லட்சம் கொடுத்துத் தலைவாஸ் திரும்ப வாங்கிற்று. கையில் இருந்த விதைநெல்லை விற்றுவிட்டு விதைப்புக் காலத்தில் கடையில் வாங்கும் குடியானவனை ஊர் என்ன சொல்லும்? கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக்கூட ஈரப்பதம் பார்க்கிறார்கள். பதினேழு விழுக்காட்டைத் தாண்டினால் முகம் சுளிக்கிறார்கள். ஆள் எடுக்கும்போது அந்த அளவு நிதானம்கூட இல்லை.

இதில் நமக்கென்ன இழப்பு, கோப்பை போனால் போகட்டுமே என்று சிலர் கேட்பார்கள். கோப்பையைப் பற்றி நமக்கும் பெரிய கவலை இல்லை. நம் வகுப்பின் கடைசி வரிசையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இருந்தான். தை, மாசியில் வருகைப் பதிவு குறையும். கேட்டால் தலைகுனிந்து நிற்பான். நான்கு ஊர் தாண்டி ஆடிவிட்டு விடியற்காலைப் பேருந்தில் நேரே வகுப்புக்கு வருபவன். கால்களில் சிராய்ப்பு ஆறியதே இல்லை. தேர்வு முகாம் ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது மேட் என்பதை அன்றுதான் முதன்முதலில் மிதிக்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தான். முகாமுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஊர்த் திருவிழா ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்டது. பச்சிலைக் கட்டு, பிறகு வலி மாத்திரை, பிறகு ஒன்றுமில்லை. பட்டம் வாங்கினானா என்றால் வாங்கினான். இன்று ஓரத்தை ஊன்றி நடந்து கடையொன்றில் வேலை பார்க்கிறான். 2022இல் பவன் ஷெராவத்தின் முழங்காலும் அப்படித்தான் திரும்பிற்று. அவர் மறு ஆண்டு முன்னிலும் கூடிய விலைக்குப் போனார். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆட்டக்காரனின் உடல் காக்கப்பட வேண்டியது. ஒரே மூட்டுத்தான், ஒரே சவ்வுதான். ஒன்றுக்கு மருத்துவமும் இயன்முறைப் பயிற்சியும் கிடைத்தன. மற்றதற்கு ஆமணக்கு இலை கிடைத்தது. தமிழ் என்னும் பெயரை அந்த இரண்டாவது முழங்காலிடமிருந்துதான் இந்த அணி இரவல் வாங்கியிருக்கிறது. கேட்காமல் வாங்கியது, திருப்பித் தராமல் வைத்திருப்பது.

ஆகவே நமது கோரிக்கைகள் எளியவை. ஒரு பயிற்சியாளரை மூன்று பருவம் வைத்திருங்கள்; தோற்றாலும் வைத்திருங்கள். பிடி வரிசையின் நால்வரைக் கலைக்காதீர்கள். புதிய இளம் வீரர்களைக் குறைந்த ஊதியத்தில் சேர்த்துத் தொடர்ந்து தக்கவைக்க லீக்கின் விதிகளே வழி தருகின்றன. அந்த வழியை ஏலத்தின் வாணவேடிக்கைக்குமுன் நினைவில் கொள்ளுங்கள். டெல்டாவில் ஒன்று, தென்மாவட்டத்தில் ஒன்று, கொங்கில் ஒன்று என மூன்று இடங்களில் மேட் விரித்த பயிற்சிக் கூடம் அமையுங்கள். மண்தரைப் பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே காலணியோடு மேட்டில் கால்பழகட்டும். அங்கே சேரும் ஒவ்வொருவருக்கும் காயத்துக்கான மருத்துவக் காப்பீடு இருக்கட்டும். ஒரு நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் தொகையில் இவற்றைத் தொடங்கிவிடலாம். அந்தக் கூடத்துக்கு ஹரியாணாப் பையன் வந்து பயின்றால் அவனும் நம் பிள்ளைதான். கவிஞர் நண்பர் இதை ஏற்க வேண்டும்.

விலைக் கட்சி நண்பருக்கும் ஒன்று. அடுத்த ஏலத்தன்று இரண்டு கோடி என்று கேட்டதும் நீங்கள் கைதட்டத் தொடங்குவீர்கள். தட்டுங்கள். ஆனால் வாங்கப்பட்டவர் பெயரைப் படித்து முடித்ததும் விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் ஒருமுறை படியுங்கள். அதில் பத்தொன்பது, இருபது வயதில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் நான்கு ஆண்டு கழித்து வேறோர் ஊரின் சட்டையில் நம்மை வீழ்த்த வரும். வீழ்ந்த பிறகு நாம் அவன் தமிழன் என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். எட்டு ஆண்டுகளாக நாம் செய்துவரும் விமர்சனம் இவ்வளவுதான்.

காவிரிக்கரையில் எவரும் நாற்றைக் கடையில் வாங்கி நட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதில்லை என்று சொல்லிவந்தோம். இப்போது அதுவும் நடக்கிறது என்கிறார்கள் உழவர்கள். அவசரத்துக்கு வாங்குகிறோம், ஆனால் யார் விட்ட நாற்று, எந்தத் தேதியில் விட்டது என்று கேட்காமல் வாங்குவதில்லை என்றும் சொல்கிறார்கள். தமிழ் தலைவாஸ் உரிமையாளர்கள் அந்தக் கேள்வியையாவது கேட்கட்டும்.